மிஸ்டர் மாயுமியின் கைகள்

என் பெட்டிக்கடையின் கம்பிவலையில் ரோக்கேயின் முகம் வருடக்கணக்கில் தொங்கியது. வெயிலில் வெளுத்துப்போனால் கம்பெனிக்காரர்கள் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போவார்கள். வெள்ளைச் சட்டை, வழித்துச் சீவிய தலை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண்ணின் கழுத்தை முகர்ந்து பார்க்கிற முகம். கீழே பெரிய எழுத்தில், 'மாயுமி. வீட்டுக்கு வர ஆசை வரும்' என்று போட்டிருக்கும். மாயுமி என்றால் எங்கள் பாஷையில் மென்மையானவள். துணி துவைக்கிற சோப்புத்தூளுக்கு வைத்த பெயர். மென்மையாவது மண்ணாவது. அந்தத் தூளைப் போட்டு இரண்டு வாரம் தொடர்ந்து கையால் துவைத்தால் விரல் இடுக்கில் தோல் உரிந்துவிடும்.

முகம் ஊரெல்லாம் இருந்தது. ஆள் மட்டும் மலபோன் ஊரில் எங்கள் சந்தில், என் கடைக்கு நேர் எதிர்வீட்டில் இருந்தான்.

அப்போது அவன் ஜீப்னி என்கிற சவாரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் முன்சீட்டில் ஏறிய ஒரு பட்டணத்துப் பெண் வழி முழுக்க அவனையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். இறங்கும்போது, "ஒரு தடவை சிரிங்க பார்ப்போம்" என்றாளாம். இந்தக் கதையை ரோக்கே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். "பல்லுல கருவாடு ஒட்டியிருக்குன்னு நினைச்சேன்க்கா. கண்ணாடியில பார்த்துப் பார்த்து வண்டிய எங்க விடுறேன்னே தெரியல" என்பான். அந்தப் பெண் விளம்பரத்துக்கு ஆள் பிடிக்கிறவள். அடுத்த மாதம் இவன் தொலைக்காட்சியில் வந்துவிட்டான்.

முதல் விளம்பரத்தை எங்கள் சந்து முழுவதும் என் கடை டிவியில்தான் பார்த்தது. ஓர் அழகான வீடு. எங்கள் யாருக்கும் அப்படி வீடு கிடையாது. ஓர் அழகான பெண் குனிந்து துணி அலசுகிறாள், நெற்றியில் ஒரு முடி மட்டும் ஒழுங்காகக் கலைந்திருக்கிறது. ரோக்கே ஆபீஸ் பையோடு உள்ளே வருகிறான். பையைக் கீழே போடுகிறான். பின்னாலிருந்து வந்து அவள் கழுத்தை முகர்கிறான். "மிசிஸ், இன்னிக்கு நான் வெளிய போகவே மாட்டேன்" என்கிறான். அவள் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான். துணி வெளுத்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

"ஆபீசுக்குப் போற மாதிரி நடிக்கிறதுக்கெல்லாமா காசு குடுக்கிறாங்க?" என்று என் புருஷன் தீமோ வயிறெரிந்தான். அவன் எந்த ஆபீசுக்கும் போனதில்லை, நடிக்கக்கூடப் போனதில்லை.

மறுநாள் காலையிலிருந்து வியாபாரத்தைப் பார்க்க வேண்டுமே. காலங்காலமாக நீலச் சோப்புக்கட்டியைப் பாதியாக நறுக்கி வாங்கிக்கொண்டு போன பெண்கள் எல்லாரும், "அக்கா, அந்த முகர்ற சோப்பு ஒரு பொட்டலம்" என்று கேட்டார்கள். முகர்கிற சோப்பு. ஒருத்திகூட 'நல்லா அழுக்குப் போகுமா' என்று கேட்கவில்லை. அவரவர் வீட்டுக்காரன் சாராய நாற்றத்தோடு வந்து வாசலிலேயே சாய்கிற ஜன்மம். கழுத்தை யார் முகர்ந்தது? ஒரு பொட்டலத்தைக் கிழித்து பேசினில் கொட்டினால் அந்த மணம் வரும், மணத்தோடு கொஞ்ச நேரம் அந்த அழகான வீடும் வரும். அதற்குத்தான் காசு கொடுத்தார்கள். நானும்தான் வாங்கித் துவைத்தேன். தீமோ என் கழுத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, "சோறு ஆச்சா?" என்று கேட்டான்.

ரோக்கேக்கு மிஸ்டர் மாயுமி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு விளம்பரம் எடுத்தார்கள். அவன் அவனேதான், பெண்டாட்டி மட்டும் மாறிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை கம்பெனியின் பென்சோன் சார் என் கடைக்குப் படம் மாட்ட வந்தபோது கேட்டேன். "ஏன் சார், அந்தப் பழைய பொண்ணு நல்லாத்தானே இருந்துச்சு?"

"இருபத்தாறு ஆயிடுச்சும்மா அதுக்கு" என்றார் அவர்.

"ரோக்கேக்கு நாப்பது ஆச்சே?"

"ஆம்பளைக்கு ரெண்டு முடி நரைச்சா நம்பிக்கை கூடும்." அவர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசுவார். இதையும் மரியாதையாகத்தான் சொன்னார். கடைசியாக வந்த பெண்டாட்டி ரோக்கேயின் மகள் லிகாயாவைவிட மூன்று வயதுதான் மூத்தவள். படப்பிடிப்பில் அவளுடைய கழுத்தை முகரச் சொன்னபோது தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாக ரோக்கே என்னிடம் சொன்னான். "எனக்கே கூச்சமாயிடுச்சுக்கா. லிகாயாவோட சடைக்குப் போடுற அதே எண்ணெய் வாசனை." சொல்லிவிட்டு அன்று காப்பியை ஆறவிட்டுக் குடிக்காமலே போனான்.

அவனுடைய நிஜப் பெண்டாட்டி நிம்ஃபா ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். லிகாயா பால் குடிக்கிற பருவத்தில் போனவள். விளம்பரக் காசு பெரிய காசு என்று ஊர் நினைத்தது. அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற காசு. ஜீப்னியும் சொந்தம் இல்லை. நிம்ஃபாவின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவள் அங்கே யாரோ வீட்டுச் சட்டையைத் துவைத்துத் தேய்த்துக்கொண்டிருக்க, இங்கே நாடு முழுக்க அவள் புருஷன் வேறு பெண்ணின் கழுத்தை முகர்ந்துகொண்டிருந்தான்.

அப்படியானால் ரோக்கே வீட்டுத் துணியை யார் துவைத்தார்கள்? அவன்தான்.

எங்கள் பக்கம் கைத்துவையலுக்கு ஒரு சத்தம் உண்டு. நனைந்த துணியை இரண்டு உள்ளங்கையின் அடிமேட்டிலும் வைத்துத் தேய்த்தால் கிச் கிச்சென்று வரும். கை பழகினவர்களுக்குத்தான் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் யார் துவைக்கிறார்கள் என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். பக்கத்து வீட்டு லோர்னா துவைத்தால் வேகவேகமாக வந்து நின்று நின்று வரும், அவளுக்கு மூட்டு வலி. என்னுடையது மந்தம். சந்திலேயே சுத்தமான சத்தம் விடிகாலையில் ரோக்கேயின் கொல்லைச் சுவருக்குப் பின்னால் கேட்கும். சீராக, ஒரே அளவாக. லிகாயாவின் பள்ளிச் சீருடை அவ்வளவு வெளுப்பாக இருந்ததால் டீச்சர்களே அவளைக் கூப்பிட்டு, "யாரும்மா துவைக்கிறது?" என்று கேட்டார்களாம்.

"சலவைக்கு ஒரு அம்மா வர்றாங்க" என்று சொல்ல ரோக்கே மகளுக்குப் பழக்கியிருந்தான். ஊருக்கும் அதையே சொன்னான். பக்கத்து வார்டிலிருந்து விடிவதற்குள் வந்துவிட்டுப் போகிறாளாம். அவளை ஒருவரும் பார்த்ததில்லை. நாங்களே அவளுக்கு மெங்கக்கா என்று பெயர் வைத்தோம்.

"என்ன ரோக்கே, இன்னிக்கு மெங்கக்கா லேட்டா?" என்று லோர்னா கேட்பாள்.

"அவங்க பொண்ணுக்குக் காய்ச்சலாம்க்கா" என்பான் அவன், இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு. நாங்கள் சிரிக்க மாட்டோம். அவன் போனபிறகு சிரிப்போம்.

ஏன் இந்தப் பொய் என்றால், இரண்டு காரணம். எங்கள் ஊரில் பெண்டாட்டியின் வேலையைச் செய்கிற ஆம்பளைக்குப் பாவாடைக்கடியில் கிடப்பவன் என்று பெயர். தெருமுனையில் சீட்டாடுகிற கூட்டம் அந்தப் பேரை ஒருத்தன்மேல் ஒட்டிவிட்டால் அவன் பிள்ளை காலத்துக்கும் அது போகாது. இன்னொன்று, பென்சோன் சார் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருந்தார். "ரோக்கே, நீங்க முகர்ந்து பார்க்கிற ஆளு. துவைக்கிற ஆளு இல்ல. பேசின் பக்கத்துல உங்கள யாரும் பார்த்துடக் கூடாது."

பார்க்காமல் இருக்க முடியாதது அவன் கைகள். நீலச் சோப்பு தொடங்கிவைத்ததை அந்த மென்மையானவள் தின்று தீர்த்திருந்தாள். விரல் மூட்டெல்லாம் சிவந்து வெடித்து, நகத்தோரம் வெள்ளையாக உப்பியிருக்கும். முதல் படப்பிடிப்பிலேயே ஒப்பனைக்காரி எவ்வளவோ பூசிப் பார்த்திருக்கிறாள். கடைசியில் இயக்குநர், "கையைத் தூக்காதீங்க. கால்சட்டைப் பையில விட்டுக்கங்க" என்றாராம். அதனால்தான் அத்தனை விளம்பரத்திலும் மிஸ்டர் மாயுமி பெண்டாட்டியைக் கட்டிப்பிடிப்பதே இல்லை, கழுத்தோடு சரி. அந்த விலகல்தான் ஆம்பளைத்தனம் என்று பெண்கள் சொக்கிப்போனார்கள். அடக் கடவுளே என்று எனக்கு அலுப்பாக இருக்கும்.

அந்த வருடம் எங்கள் கோயில் திருவிழாவுக்கு நிம்ஃபா விடுப்பில் வந்தாள். மெலிந்து, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். வந்த மறுநாள் என் கடையில் ஒரு புட்டி காடி, அதான் வினிகர், வாங்கினாள். அங்கேயே கொஞ்சம் ஊற்றி வெள்ளரிக்காய் தின்ன ஆசைப்பட்டாள். புட்டி மூடியைத் திருகிப் பார்த்தாள், இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினாள்.

"அங்க எல்லாத்துக்கும் மெஷின்க்கா. கை சோம்பேறியாயிடுச்சு."

நான் மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன். பெருவிரலுக்குக் கீழே சதையே இல்லை, குழியாக இருந்தது.

"எப்பலருந்து?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். "ஒரு வருஷமா மரத்துப் போகுது. அந்த வீட்டுல தினம் கூடை கூடையா இஸ்திரி. முதலாளியம்மாவுக்குத் தெரிஞ்சா அடுத்த ஒப்பந்தம் போட மாட்டாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"ரோக்கேக்குத் தெரியுமா?"

"நேத்து சோறு போடும்போது கரண்டி விழுந்துச்சு. எடுத்துக் குடுத்தான். ஒண்ணும் கேக்கல." வெள்ளரிக்காயை மெதுவாகக் கடித்தாள். "எனக்கு வீட்டுக்கு வரணும்க்கா. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே வேணாம்."

அன்று சாயங்காலமே அதற்கு ஒரு வழி பென்சோன் சார் உருவத்தில் வந்தது. திருவிழாவுக்குக் கம்பெனியின் மேடை எங்கள் மைதானத்தில் போடுகிறார்கள், ஊர் ஊராக அவர்கள் நடத்துகிற 'சிறந்த மிசிஸ்' போட்டி. ஐந்து பெண்கள் மேடையில் துவைப்பார்கள். மிஸ்டர் மாயுமி கண்ணைக் கட்டிக்கொண்டு ஐந்து சட்டையையும் முகர்ந்து, சிறந்த பெண்டாட்டியைத் தேர்ந்தெடுப்பான். நிம்ஃபா ஊரில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"நிஜப் பெண்டாட்டி! அதுவும் வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்தவங்க! அழுதுடுவாங்கம்மா ஜனங்க" என்று இருவரையும் கூப்பிட்டு, என் கடைப் பலகையில் உட்கார்ந்து நிம்ஃபாவிடம் சொன்னார். "ரோக்கே முகர்ந்து உங்க சட்டையைக் கண்டுபிடிக்கணும். உங்களுதுக்கு வரும்போது நான் இருமுவேன், கவலை வேணாம். இதையே படம் பிடிச்சு விளம்பரமாப் போடுறோம். அப்புறம் நீங்க ரெண்டு பேருமே மாயுமி ஜோடி. மூணு வருஷ ஒப்பந்தம், மாசச் சம்பளம். மேடம் திரும்பிப் போகவே வேணாம்."

நிம்ஃபா ரோக்கேயைப் பார்த்தாள். ரோக்கே அவள் கையைப் பார்த்தான்.

"இவளுக்குப் பழக்கம் விட்டுப் போச்சு சார். வேற யாராவது..." என்று இழுத்தான்.

"ஒரு சட்டைதானே" என்றாள் நிம்ஃபா வெடுக்கென்று. "துவைச்சுடுவேன்."

பென்சோன் சார் போனபின் அவள் அவனிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "நீ சும்மா நில்லு ரோக்கே. கண்ணைக் கட்டிக்கிட்டு சும்மா நில்லு. மத்தத நான் பார்த்துக்கறேன்."

மேடையில் அவளுக்குப் பக்கத்து முக்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரியாயிற்றே என்று என்னையும் இழுத்துவிட்டிருந்தார்கள். ஆளுக்கொரு பேசின், ஒரு வாளித் தண்ணீர், சோயா சாஸும் சேறும் தடவிய ஒரு வெள்ளைச் சட்டை. ஐந்து பேருக்கும் இடுப்பில் பூப்போட்ட ஏப்ரன் கட்டிவிட்டு, குனியும்போது கேமராவுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு ஐம்பது வயது. என் பக்கம் கேமரா திரும்பவே இல்லை.

தொகுப்பாளன் மைக்கில் கத்தினான். "முகர்ந்தே பொண்டாட்டியக் கண்டுபிடிக்கிற ஆம்பளை இங்க யாராவது இருக்கீங்களா?"

"மோந்து பார்க்கணுமா? என் பொண்டாட்டி வாயை வச்சே நாலு தெரு தள்ளிக் கண்டுபிடிப்பேன்!" என்று கீழேயிருந்து தீமோ கத்தினான். மைதானமே சிரித்தது. அவனை வீட்டில் கவனித்துக்கொள்ளலாம் என்று நான் பேசினைப் பார்த்தேன்.

ரோக்கே வெள்ளைச் சட்டையில் மேடை ஓரம் நின்றான். கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிவிட்டார்கள், கைகள் வழக்கம்போல் பையில். விசில் ஊதினார்கள், துவைக்க ஆரம்பித்தோம்.

முதலில் நிம்ஃபா நன்றாகத்தான் செய்தாள். நுரை வந்தது, சத்தமும் வந்தது. அவளுடைய பழைய சத்தம், எனக்கு மறந்தே போயிருந்தது. அப்புறம் அது தடுமாறியது. ஒரு கிச், பிறகு ஒன்றுமில்லை, பிறகு பாதி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், கேமரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததே.

"என்னுத எடுத்துக்க. பேசினுக்குள்ள மாத்திடலாம்" என்றேன் வாயை அசைக்காமல்.

"வேணாம்க்கா. கேமரா என் மேலயே இருக்கு."

அலசினாள். பிழிய எடுத்தாள். வலது கை திருகவில்லை. இடது கை மட்டும் திருக, சட்டை நழுவி மேடைப் பலகையில் சப்பென்று விழுந்தது. கூட்டம் 'ஓ' என்றது. அவள் அதை எடுத்து மறுபடி பேசினில் போட்டாள். தேய்க்கப் போனாள். விரல்கள் துணியைப் பிடிக்கவே இல்லை. கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே எடுத்தால் விரல் மடங்காதது தெரியும்.

அவளிடமிருந்து சத்தம் நின்றுவிட்டது. மற்ற நான்கு பேரின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ரோக்கேக்குக் கண்தான் கட்டியிருந்தது. அவன் தலை எங்கள் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். வராதே, அங்கேயே நில் என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவன் பையிலிருந்து கையை எடுத்து, கறுப்புத் துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, நேராக வந்து அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"குடு" என்றான்.

"போ ரோக்கே. போய் நில்லு."

அவன் பேசினுக்குள் கையை விட்டு, அவள் விரல்களிலிருந்து சட்டையை மெதுவாக விடுவித்தான். தேய்க்க ஆரம்பித்தான். தொகுப்பாளன், இது நிகழ்ச்சியில் உண்டோ என்னவோ என்று நினைத்து மைக்கைப் பேசினருகே கொண்டுபோனான். கிச் கிச் கிச் என்று எட்டு ஒலிபெருக்கியிலும் மைதானம் முழுக்கக் கேட்டது. சீராக, ஒரே அளவாக. எங்கள் சந்துப் பெண்கள் தினமும் விடிகாலையில் படுக்கையில் கிடந்தபடி கேட்ட சத்தம்.

"மெங்கக்கா!" என்று கூட்டத்திலிருந்து லோர்னா கத்திவிட்டாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, வாய் தவறி வந்துவிட்டது. எங்கள் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் குபீரென்று சிரித்தார்கள். ஆம்பளைகளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சீட்டாடுகிற கூட்டம் எழுந்து நின்றது.

"பாவாடைக்கடியில மிஸ்டர் மாயுமி!"

"டேய் மச்சான், எங்க வீட்டுலயும் ஒரு மூட்டை கிடக்கு, வர்றியா?"

என் தீமோவின் குரல்தான் எல்லாவற்றிலும் ஓங்கிக் கேட்டது. பென்சோன் சார் இருமவில்லை. கேமராக்காரனைப் பார்த்துக் கையை மட்டும் ஒருமுறை கீழே இறக்கிக் காட்டினார். கேமரா தாழ்ந்தது. ரோக்கே சட்டையைப் பிழிந்து, உதறி, காலரை இழுத்துச் சரிசெய்து பேசின் விளிம்பில் போட்டான். அவ்வளவு வெளுப்பாக அன்று வேறு எந்தச் சட்டையும் இல்லை. பரிசு மூன்றாவதாக உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணுக்குப் போனது.

நிம்ஃபா அவனுக்கு நன்றி சொல்வாள், கட்டிப்பிடித்து அழுவாள் என்று நீங்கள் நினைத்தால், நீங்களும் அந்த விளம்பரங்களை நிறையப் பார்த்திருக்கிறீர்கள். மேடைக்குப் பின்னால் ஏப்ரனை அவிழ்க்க வராமல் திணறிக்கொண்டே அவள் அவனைக் கேட்டாள்.

"இத்தனை வருஷம் நான் காத்திருந்தேன். உன்னால ரெண்டு நிமிஷம் காத்திருக்க முடியலையா?"

"உன் கை..."

"என் கை! என் கை போனா போகுது! பல்லால கடிச்சாவது பிழிஞ்சிருப்பேன். யாரு கேட்டா உன்னை? எல்லாத்தையும் நீயே செஞ்சு பழகிட்ட. நான் வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு சட்டை இருந்துச்சு. அதையும் நீயே துவைச்சுட்ட."

ரோக்கே அவள் முதுகுப் பக்கம் வந்து ஏப்ரன் முடிச்சை அவிழ்த்துவிட்டான். அவள் அதற்கும் அழுதாள். எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிந்தது, அதைப் போன்ற சோர்வு வேறில்லை.

அடுத்த வாரம் பென்சோன் சாரின் ஆள் வந்து என் கம்பிவலையிலிருந்து ரோக்கேயின் முகத்தை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனான். "மக்கள் நம்பிக்கை போச்சாம்" என்றான் அவன் என்னிடம். கழுத்தை முகர்கிறவன் துவைக்கவும் செய்கிறான் என்றால் எந்த நம்பிக்கை போகும் என்று நான் கேட்கவில்லை. மாத முடிவில் நிம்ஃபா ஹாங்காங்குக்குத் திரும்பினாள். போகிற அன்று காலை என்னிடம் ஒரு வலித்தைலம் வாங்கினாள். மூடியை நானே திறந்து, தளர்த்தி மூடிக் கொடுத்தேன்.

ரோக்கே ஜீப்னிக்குத் திரும்பிவிட்டான். தெருமுனையில் கொஞ்ச காலம் கேலி செய்தார்கள், அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். இப்போது அவன் மறைக்க எதுவும் இல்லை. வாசல் குழாயடியில் முக்காலி போட்டு, எல்லாரும் பார்க்கத் துவைத்தான். மெங்கக்கா மட்டும் செத்துப்போனாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் அவன் என் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். டிவியில் மாயுமியின் புது விளம்பரம் வந்தது. அதே அழகான வீடு. ஓர் இளைஞன், பார்த்தால் கல்லூரிப் பையன். பெண்டாட்டி அசந்து தூங்குகிறாள். இவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேசின் முன்னால் குந்துகிறான். ரோக்கே குந்திய அதே மாதிரி. துணியைத் தேய்க்கிறான், நுரை மூக்கில் ஒட்டிக்கொள்கிறது. அவள் எழுந்து வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். குனிந்து இந்த முறை அவள் அவன் கழுத்தை முகர்கிறாள். 'மாயுமி. ஆம்பளைகூடத் துவைக்கலாம், அவ்வளவு சுலபம்.'

"பையன் அம்சமா இருக்கான்" என்று தீமோ திண்பண்டத்தை மென்றுகொண்டே சொல்லிவிட்டு, போட்டிருந்த சட்டையைக் கழற்றி என் அழுக்குக் கூடையில் எறிந்தான். அதற்குள் லோர்னா கம்பிவலைக்கு வெளியே வந்து நின்றாள். "அக்கா, அந்தத் துவைக்கிற பையன் சோப்பு நாலு பொட்டலம்" என்றாள். ரோக்கே உள்ளே இருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் ஒருமாதிரி ஆனது. வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உன்னைத்தான்டா எடுத்துப் போட்டிருக்கானுங்க! உன்னை வெரட்டிட்டு, உன்னையே எடுத்து விக்கிறானுங்க" என்றேன்.

அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதை மறுபடி போட்டார்கள். நுரைக்குள் பையனின் விரல்கள் திரை முழுக்கப் பெரிதாக வந்தன. வழுவழுவென்று, ஒரு வெடிப்பு இல்லாமல்.

"கையைக் காட்டுறாங்கக்கா" என்றான் ரோக்கே.

விளம்பரம் முடிந்தது. அவன் காப்பித் தம்ளரைக் கவிழ்த்து வைத்தான். பாதி நீலச் சோப்புக்கட்டி கேட்டான், நறுக்கிக் கொடுத்தேன்.

"மேடையில நானும் இவ்வளவு நேரந்தான் துவைச்சேன்" என்றான்.